எழுதுமேசை: நாள்தோறும் எவ்வளவு எழுதுவது?

கடந்த இரண்டு மாதங்களில் இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன. புத்தாண்டு அன்று தொடங்கிய எழுத்து பொங்கலைத் தாண்டவில்லை என்கிறார்கள். நாள்தோறும் எழுதும் பழக்கத்துக்கு என்ன அளவு வைத்துக்கொள்வது என்று கேட்கிறார்கள். ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் வங்கியில் பணிபுரிகிறேன். இரண்டு பிள்ளைகள். ஒரு நாவல் எழுத வேண்டும் என்பது பல ஆண்டு ஆசை. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் தேதியன்று, நாளொன்றுக்கு ஆயிரம் சொற்கள் என்று முடிவுசெய்து தொடங்குகிறேன். நான்கைந்து நாள் நடக்கிறது, பிறகு நின்றுவிடுகிறது. இது மூன்றாவது ஆண்டு. எனக்கு மன உறுதி போதவில்லை என்றே நினைக்கிறேன். எத்தனை சொற்கள் என்று வைத்துக்கொண்டால் நீடிக்கும்?
– வாசகி, கரூர்

பதில்: மூன்று முறை கைவிட்ட பிறகும் நான்காம் முறை எப்படித் தொடங்கலாம் என்று கடிதம் எழுதிக் கேட்கும் ஒருவருக்கு மன உறுதி இல்லை என்று நான் நம்ப மாட்டேன். பிழை நீங்கள் வைத்துக்கொண்ட அளவில்தான் இருக்கிறது. ஆயிரம் சொற்கள் என்று நீங்கள் முடிவுசெய்தது ஒரு புத்தாண்டுக் காலையில். புதிய நோட்டு கையில் இருந்திருக்கும், கதை மனத்தில் பொங்கிக்கொண்டு இருந்திருக்கும். அதை நிறைவேற்ற வேண்டியவரோ, மாதக் கடைசியில் கணக்கு முடித்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பி, தோசை வார்த்து, சின்னவனின் வீட்டுப்பாடத்தை முடிக்கவைத்துவிட்டுப் பத்தரை மணிக்கு நோட்டைத் திறக்கும் பெண். அந்தப் பெண்ணை யாரும் கேட்காமலேயே அவர் தலையில் ஆயிரம் சொற்களை ஏற்றி வைத்திருக்கிறீர்கள். நாளளவை எப்போதும் ஆண்டின் மோசமான நாட்களை மனத்தில் கொண்டே முடிவுசெய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காய்ச்சல் இல்லை, வீட்டில் துக்கம் இல்லை, ஆனால் மற்ற எல்லா நெருக்கடிகளும் உள்ள ஒரு நாளில் உங்களால் எவ்வளவு எழுத முடியுமோ, அதுவே உங்களுக்குரிய அளவு.

ஆயிரம் என்ற எண் எங்கிருந்து நம்மிடம் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டீபன் கிங், எழுத்துக்கலை பற்றி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், புதிதாக எழுதுவோர் நாளுக்கு ஆயிரம் சொற்கள் எழுதலாம் என்றும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஆலோசனை கூறினார். அதே நாட்டில் 1999இல் தொடங்கிய நவம்பர் மாத நாவல் இயக்கம், 30 நாட்களில் 50,000 சொற்கள் என்ற இலக்கை வைத்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,667 சொற்கள். இவை ஆங்கிலச் சொற்களின் கணக்கு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ‘வரமுடியாதவர்களுக்காக’ என்று நாம் ஒரே சொல்லாக எழுதுவதை ஆங்கிலத்தில் சொல்ல ஐந்தாறு சொற்கள் வேண்டும். வேற்றுமை உருபு, பன்மை, எதிர்மறை, துணைவினை எல்லாம் நம் மொழியில் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ஆயிரம் தமிழ்ச் சொற்கள் என்பது ஆங்கிலத்தில் ஆயிரம் சொற்களைக் காட்டிலும் மிகப் பெரிய வேலை. இன்னொரு சிக்கலும் உண்டு. ‘எழுதிக்கொண்டிருந்தாள்’ என்று சேர்த்து எழுதினால் கணினி ஒன்று என்று எண்ணும். ‘எழுதிக் கொண்டிருந்தாள்’ என்று பிரித்து எழுதினால் இரண்டு என்று எண்ணும். எனவே, தமிழில் எழுதுவோர் சொற்கணக்கைவிடப் பக்கக் கணக்கை வைத்துக்கொள்வதே நல்லது.

உங்களுக்கு நான் சொல்லும் அளவு, கோடு போட்ட நீள நோட்டில் ஒரு பக்கம். என் கையெழுத்தில் அது ஏறத்தாழ 150 சொற்கள் வருகிறது. ஆண்டில் 300 நாட்கள் எழுதினால் 45,000 சொற்கள். ஒரு நாவலின் முதல் வரைவுக்கு அது போதும். நன்றாக ஓடும் நாளில் நான்கு பக்கம் எழுதுங்கள், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் அதை மறுநாள் கணக்கில் வரவு வைக்காதீர்கள். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே கியூபாவில் ஹவானாவுக்கு அருகில் வாழ்ந்தபோது, தம் அறையில் ஓர் அட்டையில் நாள்தோறும் எழுதிய சொற்களைக் குறித்துவந்தார். 1958இல் வெளியான ஒரு நேர்காணலில் அந்த எண்கள் பதிவாகியிருக்கின்றன: 450, 575, 462, 1250, மறுபடியும் 512. 1250 எழுதிய நாள், அடுத்த நாள் குற்ற உணர்ச்சியின்றி மீன்பிடிக்கப் போவதற்காக முன்கூட்டியே உழைத்த நாள். பல ஆண்டுகளாக எழுத்தையே தொழிலாகக் கொண்டிருந்தவருக்கு அந்தச் சலுகை பொருந்தியது. மூன்று முறை நின்றுபோன உங்களுக்கு, இப்போது எழுதிக் குவிப்பதைவிட நாள்தோறும் நோட்டைத் திறப்பதுதான் முக்கியம். ஆகவே முதல் ஆறு மாதங்களுக்கு இந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பணி ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நாள் முழுவதும் எனக்கே எனக்காக இருக்கிறது. என் ஊரைப் பற்றியும், பார்த்த மனிதர்களைப் பற்றியும் எழுத நினைத்திருந்தேன். இதுவரை பன்னிரண்டு பக்கம்கூட எழுதவில்லை. வேலையில் இருந்தபோதே இதைவிட அதிகம் எழுதினேன் என்பதுதான் வியப்பாக இருக்கிறது.
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஐயா, இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. வேலையில் இருந்தபோது, எழுதுவதற்கு இந்த அரை மணி நேரம்தான் உண்டு என்று உங்களுக்குத் தெரியும். இப்போது காலை போனால் மாலை இருக்கிறது. மாலை போனால் நாளை இருக்கிறது. தங்களுக்கு வேண்டியது பக்க அளவைவிட நேர அளவு.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி ட்ரோலப்பின் வழக்கத்தைத் தங்களுக்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அவர் அஞ்சல் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தவர். 47 நாவல்கள் எழுதியவர். காலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்ந்துவிடுவார். தம்மை எழுப்பிக் காபி கொடுப்பதற்காகவே வீட்டுப் பணியாளர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். தம் வெற்றிக்கு வேறு எவரையும்விட அந்த மனிதருக்கே அதிகம் கடன்பட்டிருப்பதாகத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். அதன்பின் கடியாரத்தை மேசைமேல் வைத்து, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று எழுதுவார். எட்டரை மணிக்கு எழுந்து உடைமாற்றிக் காலை உணவுக்குப் போய்விடுவார், அதன்பின் அலுவலகம். ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு நாட்குறிப்பு வைத்து அன்றன்று எழுதிய பக்கங்களைக் குறித்தார். அவர் கணக்கில் ஒரு பக்கம் என்பது 250 சொற்கள். வாரச் சராசரி நாற்பது பக்கம். மிகக் குறைந்த வாரத்தில் இருபது. ஒரு வாரம் மட்டும் 112.

அவருடைய வேகத்தைத் தாங்கள் பின்பற்ற வேண்டியதில்லை. எட்டரை மணிக்கு அவர் எழுந்துவிட்டார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். தொடங்கும் நேரத்தைப் போலவே முடியும் நேரமும் உறுதியாக இருந்தால்தான் இடையில் உள்ள நேரத்துக்கு மதிப்பு வரும். காலை முதல் காபி குடித்து டம்ளரைக் கழுவி வைத்தவுடன், ஜன்னலோர நாற்காலியில், ஆறரை முதல் ஏழே கால் வரை என்று தங்களுக்கு வசதியான ஒன்றை முடிவுசெய்யுங்கள். எப்போது, எங்கே, எப்படி என்ற மூன்றையும் முன்கூட்டியே தீர்மானித்தவர்கள், ‘செய்ய வேண்டும்’ என்று பொதுவாக எண்ணியவர்களைவிட எண்ணியதை அதிகமாக நிறைவேற்றுகிறார்கள் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் தம் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். செய்தித்தாளை மட்டும் ஏழே காலுக்குப் பிறகு பிரியுங்கள். அதை முதலில் பிரித்தால் அன்றைய காலை போய்விடும். இதை என் அனுபவத்தில் சொல்கிறேன்.

கேள்வி: தினமும் உட்காருகிறேன். ஆனால் முதல் அரை மணி நேரம் வெறும் திரையைப் பார்த்தபடியே போய்விடுகிறது. சூடு பிடிக்கும்போது வேலைக்குக் கிளம்ப நேரமாகிவிடுகிறது.
– சிறுகதை எழுதும் வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எங்கே தொடங்குவது என்பதை, எங்கே நிறுத்தினோம் என்பது பெரும்பாலும் முடிவுசெய்துவிடுகிறது. நீங்கள் ஒரு காட்சியை முழுமையாக முடித்துவிட்டு, முற்றுப்புள்ளி வைத்து எழுகிறீர்கள் என்று நினைக்கிறேன். மறுநாள் உங்கள் முன்னால் இருப்பது வெறும் தாள். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டும். மேலே சொன்ன அதே நேர்காணலில் ஹெமிங்வே, அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும் இடத்தில், எழுதும் தெம்பு இன்னும் மீதி இருக்கும்போதே நிறுத்திவிடுவதாகச் சொல்கிறார்.

நான் இதை இன்னும் ஒரு படி கீழே கொண்டுபோய், வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்துகிறேன். சென்ற மாதம் எழுதிய ஒரு கதையில் ஒரு நாள் நான் விட்டுவிட்டு எழுந்த வரி இது: ‘பேருந்து செங்கிப்பட்டியைத் தாண்டியதும் அவள் மடியிலிருந்த பையைத் திறந்து வெளியே எடுத்தது’. வெளியே எடுத்தது அவளுடைய அப்பாவின் மூக்குக்கண்ணாடி என்பதும், அதன் ஒரு பக்கத்துக் காது நூலால் கட்டப்பட்டிருந்தது என்பதும் எனக்கு அப்போதே தெரியும். அதை எழுதாமல் எழுந்தேன். மறுநாள் காலை நோட்டைத் திறந்தவுடன் பேனா தானாக ‘அப்பாவின் மூக்குக்கண்ணாடி’ என்று எழுதியது. அந்தச் சொல்லிலிருந்து அப்பா வந்தார், அவர் வந்ததும் பேருந்தில் பக்கத்தில் இருந்த கிழவரும் பேசத் தொடங்கினார். நடுவில் விட்டது மறந்துவிடும் என்று அஞ்சினால், வரியின் ஓரத்தில் இரண்டு சொற்கள் குறித்துவையுங்கள்; அதற்கு மேல் குறிப்பு எழுதினால் மறுநாள் எழுதுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வேட்டின் இறுதி ஆண்டில் இருக்கிறேன். நூல்கள் படிக்கிறேன், குறிப்பெடுக்கிறேன், எழுதியதைத் திருத்துகிறேன். நாள் முழுவதும் உழைத்ததாகவே தோன்றுகிறது. ஆனால் மூன்றாம் இயல் நான்கு மாதமாக ஒன்பதாம் பக்கத்திலேயே நிற்கிறது. திருத்துவதும் படிப்பதும் எழுதும் கணக்கில் சேருமா?
– ஆய்வு மாணவி, சிதம்பரம்

பதில்: சேராது. இதைக் கண்டிப்பாகச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். ஆனால் நான்கு மாதத்தை நீங்கள் இழந்தது இந்தக் கணக்கு கலந்துபோனதால்தான். படிப்பதும் திருத்துவதும் எழுத்துக்கு வேண்டியவைதாம், கடினமானவையும்கூட. ஆனால் புதிய வாக்கியம் எழுதும்போது வரும் அச்சம் அவற்றில் இல்லை. அதனால் மூன்றையும் ஒரே கணக்கில் வைத்தால், மனம் ஒவ்வொரு நாளும் அச்சம் இல்லாத வேலையையே எடுத்துக்கொள்ளும். மாலையில் களைப்பும் இருக்கும், உழைத்த நிறைவும் இருக்கும், ஒன்பதாம் பக்கமும் அங்கேயே இருக்கும்.

மூன்றுக்கும் தனித்தனி அளவு வையுங்கள். புதிதாக எழுதுவதை முதலில் செய்யுங்கள். அதைப் பக்கத்தால் அளவிடுங்கள். உங்களுக்கு நாளொன்றுக்கு அரைப் பக்கம் போதும். திருத்துவதைப் பக்கத்தால் அளவிட வேண்டாம், நேரத்தால் அளவிடுங்கள். ஏனென்றால் நல்ல திருத்தம் பக்கத்தைக் குறைக்கும், பக்கக் கணக்கு வைத்தவருக்கு வெட்ட மனம் வராது. படிப்பதற்கு மாலையை ஒதுக்குங்கள். எழுதும்போது ஒரு மேற்கோள் நினைவுக்கு வரவில்லையென்றால் நூலைத் தேடி எழ வேண்டாம். அந்த இடத்தில் சதுரக் கட்டம் ஒன்று போட்டுவிட்டு மேலே எழுதிச் செல்லுங்கள், மாலையில் கட்டங்களை நிரப்பலாம். என்னுடைய ஆய்வுக் காலத்தில் ஓர் அடிக்குறிப்பின் பக்க எண்ணைச் சரிபார்க்க நூலகத்துக்குப் போய், வேறு நான்கு நூல்களோடு மாலையில் திரும்பிய நாட்கள் பல. அந்த நாட்களில் எழுதிய வரி ஒன்றுகூட இல்லை.

நெறியாளர் முழு இயலைக் கேட்கும்வரை காத்திருக்காமல், வாரம் ஒரு முறை எழுதிய மூன்று பக்கங்களை உடன் பயிலும் ஒருவரிடம் கொடுக்க முடியுமானால் கொடுங்கள். அவர் படிக்காவிட்டாலும் குற்றமில்லை; சனிக்கிழமை கொடுத்தாக வேண்டும் என்பதே புதன்கிழமை உங்களை உட்காரவைக்கும்.

கேள்வி: 21 நாட்கள் தொடர்ந்து செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று கேள்விப்பட்டுத் தொடங்கினேன். 17ஆம் நாளுக்குப் பிறகு மாமியாருக்கு உடல்நிலை சரியில்லாமல் மருத்துவமனையில் இருந்தோம். நான்கு நாட்கள் விட்டுப்போயின. மறுபடியும் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டுமா? அதை நினைத்தாலே சோர்வாக இருக்கிறது.
– வாசகி, விருதுநகர்

பதில்: எண்ண வேண்டியதில்லை. மாமியார் நலமடைந்திருப்பார் என்று நம்புகிறேன். 21 நாட்கள் என்ற கணக்குக்கு அவ்வளவு பெரிய ஆதாரம் கிடையாது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர், முகத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாட்கள் ஆவதைக் கவனித்து, 1960இல் ஒரு நூலில் எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல் காலப்போக்கில் உதிர்ந்துபோய், எண் மட்டும் ஊர் ஊராகப் பரவியது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. ஒவ்வொருவரும் உணவு, பானம், உடற்பயிற்சி தொடர்பான ஒரு சிறு செயலைத் தேர்ந்தெடுத்து, நாள்தோறும் ஒரே சூழலில் செய்தார்கள். அச்செயல் தானாக நடக்கும் நிலையை எட்ட நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் 18 நாட்களிலிருந்து 254 நாட்கள்வரை வேறுபட்டது. அவர்கள் கண்ட இன்னொன்று உங்களுக்கு மிகவும் வேண்டியது: இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. எழுதுவது தண்ணீர் குடிப்பதைவிடக் கடினமான செயல் என்பதால் உங்களுக்கு இன்னும் அதிக நாட்கள் ஆகலாம். ஆனால் நான்கு நாள் இடைவெளி அந்தப் 17 நாட்களை அழித்துவிடவில்லை. நாளை எழுதும்போது அது 18ஆம் நாள்.

ஒரு சிறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஜனவரியில் கடைகளில் கொடுக்கும் நாட்காட்டி டைரி ஒன்றை எடுத்து, ஒவ்வொரு தேதியிலும் எழுதிய அளவைக் குறியுங்கள். எழுதாத நாளில் காரணத்தை ஒரு சொல்லில் குறியுங்கள். என் டைரியில் ஒரு வாரம் இப்படி இருக்கிறது: ‘1 பக்கம். 1 பக்கம். 2. திருமணம், மதுரை. பயணம். அரைப் பக்கம், தலைவலி. 1.’ மாதக் கடைசியில் இதைப் புரட்டும்போது நம்மீது கோபம் வராது. எந்த நாட்கள் தவறுகின்றன என்பது மட்டும் தெரியும். எனக்கு வெள்ளிக்கிழமைகள் தவறுகின்றன என்று தெரிந்தபின், வெள்ளிக்கிழமைக்கு நான்கு வரி என்று அளவைக் குறைத்துக்கொண்டேன்.

கேள்வி: கணக்குப் போட்டுத் தினமும் எழுதினால் எழுத்து இயந்திரத்தனமாகிவிடாதா? நல்ல எழுத்து உள்ளிருந்து தானாக வர வேண்டும் அல்லவா?
– வாசகர், மதுரை

பதில்: ட்ரோலப்பின் தன்வரலாறு அவர் மறைந்த மறு ஆண்டான 1883இல் வெளிவந்தபோது, கடியாரம் வைத்து எழுதியவர் என்று பலர் அவரைக் குறைத்துப் பேசினார்கள். அவருடைய நாவல்கள் இன்றும் அச்சில் இருக்கின்றன. நம்மிடையே உ.வே. சாமிநாதையர், தம் 85ஆம் வயதை நெருங்கிய நிலையில், 1940 தொடக்கத்தில் ஆனந்த விகடனில் தம் வரலாற்றைத் தொடராக எழுதத் தொடங்கி, 1942இல் மறையும்வரை வாரந்தோறும் எழுதினார். அதில் அவர் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வரும் பக்கங்களைப் படித்துப் பாருங்கள். வாரக் கெடு அந்த அன்பைச் சிறிதும் குறைத்ததாகத் தெரியவில்லை. தானாக வரும் எழுத்து உண்டு என்பதை நானும் நம்புகிறேன். அது வரும் நாளில் நாம் நோட்டோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு. அளவு எவ்வளவு எழுதினோம் என்பதை மட்டுமே கேட்கட்டும். நன்றாக இருக்கிறதா என்ற கேள்வியைத் திருத்தும் நாளுக்கு ஒத்திவையுங்கள்.

கேள்வி: நான் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறேன். தினமும் எழுத ஆசை. ஆனால் எதை எழுதுவது என்று தெரியவில்லை. என் வாழ்க்கையில் ஒன்றுமே நடப்பதில்லை.
– மாணவர், கடலூர்

பதில்: தம்பி, உன் ஊருக்கு அருகில் புதுச்சேரியில், பிரெஞ்சு ஆளுநர் டூப்ளெக்ஸிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761இல் இறக்கும்வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். போரும் அரசியலும் அதில் இருப்பது உண்மைதான். அவற்றுக்கு இடையே எந்தக் கப்பல் வந்தது, யார் யாரைப் பார்க்க வந்தார், என்ன பேசினார்கள், ஊரில் என்ன வதந்தி என்பனவும் இருக்கின்றன. எழுதிய அன்று அவையெல்லாம் அவருக்குச் சாதாரணச் செய்திகள். நீயும் அங்கிருந்து தொடங்கு. இன்று பேருந்தில் நடத்துநர் சொன்ன ஒரு வாக்கியம், மீன் சந்தையில் இன்றைய விலை, வீட்டில் யார் யாரிடம் பேசவில்லை என்று மூன்று செய்திகளை, கேட்டபடியே, கண்டபடியே எழுது. நாளொன்றுக்குப் பத்து வரி. பொதுத் தேர்வு முடியும்வரை அதற்கு மேல் எழுத வேண்டாம்.